முதலாளியும் இல்லாமல், அரசும் இல்லாமல்

கேள்வி: முதலாளித்துவமும் அரசும் இல்லாமலே மனிதர்கள் தாங்களாகக் கூடி உற்பத்தி செய்து நன்றாக வாழ முடியும் என்று என் நண்பர் அடித்துப் பேசுகிறார். நாலு பேர் உழைக்க, பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் நிலைதான் வரும் என்பது என் பயம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் கூடி வேலை செய்கிறவர்களுக்கும் அதே பயம் உண்டு, அதற்கு வழியும் அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்று ஒரு மலைக் கிராமம். வீடும் வயலும் அவரவர் சொத்து, மேய்ச்சல் நிலமும் காடும் ஊருக்குப் பொது. ஆளாளுக்கு மாட்டை ஓட்டிவிட்டால் புல் என்ன ஆகும்? 1517-லேயே ஒரு விதி எழுதி வைத்தார்கள்: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்கு உன்னால் தீனி போட முடியுமோ, கோடையில் அத்தனை மாடுகளைத்தான் மலைமேல் மேய்ச்சலுக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம், அதில் பாதி அதை வசூலிக்கும் ஊர்ப் பொறுப்பாளருக்கே. அப்புறம் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க மாட்டாரா? எனக்கு இதைவிடப் பிடித்தது அவர்கள் விறகு பங்கிட்ட முறை. உரிமை உள்ள குடும்பங்கள் சேர்ந்து மரம் வெட்டி, இழுத்து வந்து, ஏறக்குறைய சமமான குவியல்களாக அடுக்கினார்கள், அதன் பிறகுதான் எந்தக் குவியல் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். எது தன் வீட்டுக்கு வரும் என்று தெரியாதபோது எதையும் குறைத்து அடுக்க யாருக்கும் கை வராது.

அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம் இப்படிப்பட்ட ஊர்களைப் பல நாடுகளில் ஆராய்ந்து, 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். நீடித்து நின்ற இடங்களில் அவர் கண்டது: விதியை அதற்குக் கட்டுப்படுகிறவர்களே போட்டிருந்தார்கள், கண்காணிப்பு இருந்தது, முதல் தப்புக்குச் சின்ன தண்டனை, தகராறு வந்தால் பக்கத்திலேயே செலவில்லாமல் தீர்த்துக்கொள்ள ஓர் இடம். ஸ்பெயினின் வலென்சியாவில் பாசன விவசாயிகள் தேர்ந்தெடுத்த 8 பேர் வியாழக்கிழமை நண்பகலில் தேவாலய வாசலில் கூடித் தண்ணீர் வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பல நூற்றாண்டுகளாக நடக்கிறது.

சரி, உங்கள் நண்பர் ஜெயித்துவிட்டாரா? பாதிதான். ஆஸ்ட்ரம் சொன்ன இன்னொரு விஷயமும் உண்டு, மக்கள் இப்படித் தாங்களாகக் கூடும் உரிமையில் அரசு கைவைக்கக் கூடாது. கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஸ்பெயினே சாட்சி. 1936-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் பார்சிலோனாவில் டிராம் வண்டிகளைத் தொழிலாளர்களே எடுத்து ஓட்டினார்கள், அரகோன் பகுதியில் விவசாயிகள் நிலத்தைச் சேர்த்துப் பயிரிட்டார்கள். 1937 ஆகஸ்டில் போரில் அவர்களோடு ஒரே பக்கம் நின்ற குடியரசு அரசின் படையே வந்து அரகோன் கூட்டுப் பண்ணைகளில் பலவற்றைக் கலைத்தது. வேலை செய்யத் தெரியாமல் அவை மடியவில்லை, துப்பாக்கி வந்ததால் மடிந்தன. இது இன்றைக்கும் என்னை வருத்துகிறது.

முதலாளி இல்லாமல் முடியுமா என்றால், தயங்காமல் முடியும் என்பேன். அதே ஸ்பெயினில் 1956-ல் தொடங்கிய மொந்த்ராகோன் கூட்டுறவுகளில் வேலை செய்கிறவர்கள்தான் உரிமையாளர்கள், ஆளுக்கு ஒரே ஓட்டு. அவர்களுக்கு முதல் சிக்கல் உழைப்பில் வரவில்லை, பணத்தில்தான் வந்தது. வெளியார் பணத்தை வாங்கினால் அதிகாரமும் கூடவே போய்விடும் என்பதால் 1959-ல் சொந்த வங்கியே தொடங்கினார்கள். ஆனாலும் சந்தையில்தானே விற்க வேண்டும்! 2013-ல் அவர்களுடைய வீட்டுச் சாதனக் கூட்டுறவு திவாலானது. வேலை இழந்தவர்களில் பலரை மற்றக் கூட்டுறவுகள் சேர்த்துக்கொண்டன, சாதாரணக் கம்பெனி மூடினால் அதுவும் நடக்காது.

அரசே இல்லாமல் என்பதுதான் கடினம். மேய்ச்சல் நிலத்திலும் வாய்க்காலிலும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஆனால் மின்கட்டமைப்பு, ரயில், மருந்து ஆலை எல்லாம் முகம் தெரியாத லட்சக்கணக்கானவர்கள் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய இடம். அவ்வளவு பெரிய அளவில், சட்டத்தின் நிழலே படாமல் நீண்ட காலம் நடந்த ஓர் ஏற்பாட்டை என்னால் காட்ட முடியாது. நண்பர் அடுத்த முறை பேச வரும்போது, அங்கே கணக்கு நோட்டு யாரிடம் இருக்கும், அபராதத்தை யார் வசூலிப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். டோர்பெல்காரர்களிடம் அதற்குப் பதில் இருந்தது.