நவம்பர் வேண்டாம், ஜூன் கடைசியில் போங்கள்

வணக்கம். நவம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து ககாடு தேசியப் பூங்காவுக்கு மூன்று நாள் முகாம் பயணம், கூடவே முழங்கால் வலியுள்ள 62 வயது அப்பா, ஜிம் ஜிம் அருவியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதத்தை மாற்றிவிடுங்கள். நவம்பரில் புழுக்கம் ஆளை வாட்டிவிடும். அருவியிலும் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. முழு மழைக்காலத்தில் அருவி கொட்டும், ஆனால் பாதையை மூடிவிடுவார்கள். ஜூன் கடைசி, ஜூலைதான் சரி.

அப்பா விஷயம்தான் முக்கியம். வண்டி நின்ற பிறகு அருவி வரை சுமார் ஒரு கிலோமீட்டர், பெரிய பெரிய பாறைகள் மேல் கையை ஊன்றி ஏறி இறங்க வேண்டும். எனக்கே தொடை நடுங்கியது. அவரை அங்கே கூட்டிப்போகாதீர்கள். அதே பூங்காவில் உபிர் என்ற இடத்தின் பாறை ஓவியங்களைப் பெரும்பாலும் சமதரையில் நடந்தே பார்க்கலாம். யெல்லோ வாட்டர் என்ற நீர்நிலையில் படகில் உட்கார்ந்தபடியே முதலை பார்க்கலாம்.

அப்புறம், இரவில் ஸ்வாக் என்ற கான்வாஸ் படுக்கையைத் தரையில்தான் விரிப்பார்கள். விடிகாலையில் அதிலிருந்து எழ என் அம்மா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கால் வைத்த மடக்குக் கட்டில் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.