வேக்குவம் கிளீனரைக் கண்டால் ஒளியும் நாய்: கேள்வி பதில்

ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் மதுரையில் எந்த வீட்டுத் தரையும் அரை நாளுக்குமேல் சுத்தமாக இருப்பதில்லை. புழுதிக்குப் பயந்து வேக்குவம் கிளீனர் வாங்கிய வீடுகளிலிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். இந்தப் பயம் குறைவதைப் பல வீடுகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (அண்ணா நகர், வாசகி): எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. வாசலில் யார் வந்தாலும் தெருவே அதிரக் குரைக்கும். ஆனால் வேக்குவம் கிளீனர் வைத்திருக்கும் அலமாரியைத் திறந்தாலே குளியலறை மூலையில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. இவ்வளவு பெரிய நாய்க்கு ஒரு மெஷினைக் கண்டு என்ன பயம்?

பதில்: உருவத்துக்கும் தைரியத்துக்கும் தொடர்பில்லை அம்மா. நம் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மோட்டார் சுழலும்போது எழும் கீச்சொலியில் நமக்கு எட்டாத பகுதியும் அதன் காதில் விழுகிறது. வெறும் சத்தம் என்றால்கூடப் பல நாய்கள் சமாளித்துவிடும். இந்த மெஷின் நகர்கிறது. நாய் ஒதுங்கிய இடத்துக்கே தேடிவருகிறது. சூடான காற்றை ஊதுகிறது. தரை வழியாகப் பாதங்களில் அதிர்வைத் தருகிறது.

குட்டிப் பருவத்தில், மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை பார்த்துக் கேட்டுப் பழகியவற்றை நாய் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். நம் வீடுகளில் அந்த வயதில் அது பார்ப்பது விளக்குமாறும் மாப்பும்தான். மெஷின் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னால்தான் வெளியே வரும். எப்போதாவது வந்து கலங்கடித்துவிட்டுப் போகும் ஒன்றுக்கு நாய் தானாகப் பழகிவிடாது. அலமாரி திறக்கும் ஓசைக்கே உங்கள் நாய் ஓடுகிறது என்றால், அடுத்து என்ன வரப்போகிறது என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. அந்த முடிவை மாற்றுவதுதான் நம் வேலை.

கேள்வி (கே.கே. நகர், கல்லூரி மாணவர்): எப்படி மாற்றுவது என்று முதலிலிருந்து விளக்கமாகச் சொல்லுங்கள் ஐயா. எங்களுடையது தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய். இரண்டு வயது.

பதில்: தம்பி, முதலில் ஒரு நிபந்தனை. பயிற்சி முடியும்வரை நாயின் முன்னால் அந்த மெஷினால் வீட்டைச் சுத்தம் செய்யாதீர்கள். சுத்தம் செய்தே ஆகவேண்டிய நாளில் ஒருவர் நாயை வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போகட்டும். இன்னொருவர் வேலையை முடிக்கட்டும். பாதி வழியில் ஒரு முறை நன்றாகப் பயந்துவிட்டால் அதுவரை செய்தது பெரும்பாலும் வீணாகிவிடும்.

மெஷினை அலமாரியிலிருந்து எடுத்துக் கூடத்தின் ஒரு ஓரத்தில் அப்படியே விட்டுவிடுங்கள். வயரைச் செருக வேண்டாம். சில நாட்களுக்கு அது வெறும் நாற்காலியைப் போலக் கிடக்கட்டும். மஞ்சளோ மசாலாவோ போடாமல் வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டு, நாய் எந்தத் தூரத்தில் உடலைத் தளர்த்தி நிற்கிறதோ அந்த இடத்தில் தரையில் போடுங்கள். மெஷினின் மேல் ஈரலை வைத்து வரவழைக்காதீர்கள். ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் அது சிக்கிக்கொள்ளும். கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால்களைப் பின்னாலேயே ஊன்றி நின்றபடி ஈரலை எடுக்கிறது என்றால், அதன் மனம் இன்னும் ஓடத்தான் பார்க்கிறது. நாயே முன்வந்து மோந்து பார்க்கும் நாள்வரை காத்திருங்கள்.

அடுத்ததாக நகர்த்தல். சத்தம் இல்லாமல், நாய்க்கு எதிர்த் திசையில், ஓரடி இழுங்கள், ஈரல் கொடுங்கள். சத்தத்தைத் தனியாகப் பழக்குங்கள். வீட்டின் கடைசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் மெஷினைப் போட வேண்டும்; நீங்கள் வாசல் பக்கம் நாயோடு உட்காருங்கள். சத்தம் தொடங்கியதும் ஈரல் வரத் தொடங்க வேண்டும். ஐந்தாறு நொடிகளில் சத்தம் நின்றதும் ஈரலும் நிற்க வேண்டும்.

இந்த வரிசை தலைகீழாகிவிடக் கூடாது. ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன்னால் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய்கள், பிறகு அந்த ஒலியைக் கேட்டதுமே எச்சில் ஊறுவதை அவர் காட்டினார். ஒலி முன்னால், உணவு பின்னால். நீங்கள் முதலில் ஈரலைக் காட்டி, பிறகு மெஷினைப் போட்டால் ஈரலே எச்சரிக்கையாகிவிடும். ஈரல் பாத்திரத்தைப் பார்த்ததும் கட்டிலுக்கடியில் புகும் நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லை எங்கே என்று நாயின் முகமே சொல்லும். பசியில்லாதபோது நாக்கு நுனியால் மூக்கைச் சட்டென்று நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பியபடி கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, காதுகள் பின்னுக்கு ஒட்டிக்கொள்வது ஆகியவை தொடக்க அறிகுறிகள். வழக்கமாக மென்மையாக வாங்கும் நாய் விரலோடு சேர்த்துக் கவ்வினாலும் கவனியுங்கள். ஈரலையே மறுத்துவிட்டால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். மறுநாள் இன்னும் தூரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். சத்தம் வந்ததும் நாய் ஆவலாக உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் கதவைக் கொஞ்சம் திறக்கலாம். சத்தத்தையும் நகர்த்தலையும் கடைசியாகத்தான் சேர்க்க வேண்டும். சில நாய்களுக்கு இரண்டு வாரம், சிலவற்றுக்கு மாதங்கள். தெருவில் கல்லடி பட்டு வளர்ந்த நாய்க்குக் கூடுதல் காலம் கொடுங்கள்.

கேள்வி (நாயக்கர் புதுத்தெரு, வாசகி): எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. நாய்க்கும் அப்படித்தான். ஈரலுக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம்?

பதில்: உப்பில்லாத பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிறு தேங்காய்ச் சில்லு. மற்ற நேரத்தில் கொடுக்காமல் இதற்கென்றே வைத்திருங்கள். அப்போதுதான் மதிப்பு இருக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது. இவை நாய்க்கு நஞ்சு.

கேள்வி (திருப்பரங்குன்றம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): நாயைத் தூணில் சங்கிலியால் கட்டி, பக்கத்திலேயே மெஷினை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் ஒரே நாளில் பயம் தெளிந்துவிடும் என்கிறார் என் மருமகன். செய்து பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம் ஐயா. முதலில் இழுக்கும், கத்தும், சிறுநீர் கழிக்கும். பிறகு அசையாமல் படுத்துவிடும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் பலரும் பயம் தெளிந்துவிட்டது என்று நம்புகிறார்கள். தப்பிக்க வழியே இல்லை என்று நாய் கைவிட்ட நிலை அது. மறுநாள் சங்கிலியை எடுத்தாலே உறுமும். கட்ட வரும் கையைக் கடிக்கவும் கூடும். அதுவரை மெஷினிடம் மட்டும் இருந்த பயம் சங்கிலியிடமும் தூணிடமும் உங்களிடமும் பரவிவிடும். திட்டுவதும் செய்தித்தாளால் தட்டுவதும் இதே பலனைத்தான் தரும். உங்கள் மருமகன் நாயின் மேல் அக்கறை கொண்டுதான் சொல்லியிருப்பார். மேலே சொன்ன முறையை அவரிடமே ஒப்படையுங்கள்.

கேள்வி (வில்லாபுரம், ஒரு பாட்டி): சத்தம் கேட்டதும் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று பேரன் திட்டுகிறான்.

பதில்: தாராளமாகத் தடவிக் கொடுங்கள் பாட்டி. பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொன்னால் அது வளராது. இழுத்து மடியில் அமுக்கிப் பிடிக்காமல், அதுவாக வந்தால் இடம் கொடுத்தால் போதும்.

கேள்வி (செல்லூர், தறி உரிமையாளர்): எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிகள். பகல் முழுவதும் அந்தச் சத்தத்தில் எங்கள் நாய் நன்றாகத் தூங்குகிறது. அதைவிடக் குறைவான சத்தம் போடும் வேக்குவம் கிளீனருக்கு நடுங்குகிறது. இது எனக்குப் புரியவே இல்லை.

பதில்: மிக நல்ல கேள்வி. சத்தத்தின் அளவு மட்டும் காரணமில்லை என்பதற்கு உங்கள் நாயே சாட்சி. தறிச் சத்தத்தை அது குட்டியிலிருந்தே கேட்டிருக்கிறது. தினமும் ஒரே தாளத்தில், ஒரே இடத்திலிருந்து வருகிறது. தறி எழுந்துவந்து அதைத் துரத்தியதில்லை. வேக்குவம் கிளீனர் திடீரென்று அலறி, திடீரென்று நின்று, எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாதபடி வருகிறது.

உங்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. பயிற்சியின் தொடக்கத்தைத் தறி ஓடும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழகிய சத்தத்தின் நடுவே மெஷின் சத்தம் எழுந்தால் அவ்வளவு திடுக்கிடாது. நன்றாகப் பழகிய பிறகு தறி நிற்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். மற்ற வீடுகளில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தோ வானொலியைப் போட்டோ இதையே செய்யலாம்.

கேள்வி (உசிலம்பட்டி, விவசாயி): எங்கள் சிப்பிப்பாறை ஓடுவதில்லை. மெஷினின் குழாயைக் கடித்து இழுக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இதுவும் பயமா?

பதில்: இருக்கலாம். முயல் விரட்டப் பழகிய இனம். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. வால் தளர்ந்து ஆடினால் விளையாட்டு. முதுகு முடி சிலிர்த்து, முன்னால் பாய்ந்து உடனே பின்வாங்கினால் பயம். எதுவானாலும் பிள்ளைகள் குழாயை நீட்டிச் சீண்டுவதை இன்றே நிறுத்துங்கள். மின்வயரில் பல் பட்டால் உயிரே போய்விடும். ஒரு சாக்கை விரித்து அதில் போய்ப் படுக்கக் கற்றுக்கொடுங்கள். படுத்தால்தான் கறித்துண்டு என்று வைத்துக்கொண்டால், பிறகு மெஷினைக் கண்டதும் சாக்கைத் தேடி ஓடும்.

கேள்வி (திருமங்கலம், வாசகர்): ஒன்பது வயது நாய். இத்தனை வருடம் மிக்ஸிக்கோ வேக்குவம் கிளீனருக்கோ அசைந்ததில்லை. இந்த வருடம் திடீரென்று இரண்டுக்கும் நடுங்குகிறது.

பதில்: பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பிரிட்டன், பிரேசில் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சத்தத்துக்குப் பயந்த நாய்களில் மூட்டு, தசை வலி உள்ளவற்றுக்கு அந்தப் பயம் பிந்திய வயதில் தொடங்கியிருந்தது. திடுக்கிடும்போது தசை இறுகுகிறது. வலிக்கும் மூட்டில் அது வலியைக் கூட்டுகிறது. சத்தம் வந்தால் வலி வரும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா, படியேறத் தயங்குகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். டைல்ஸ் தரையில் வயதான நாய்க்குக் கால் வழுக்கும். அது நடமாடும் பாதையில் கோரைப்பாய் அல்லது ரப்பர் விரிப்புப் போடுங்கள்.

கேள்வி (மேலூர், வாசகி): சுத்தம் செய்யும் நாளில் மட்டும் அரைத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மனிதர்களுக்கான மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள் அம்மா. கடுமையான பயத்துக்கு மருந்து உண்டு. எந்த மருந்து, எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உடலை மட்டும் தளர்த்தி, பயத்தை அப்படியே விட்டுவிடும் மருந்துகளும் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்தால் நாய் நகர முடியாமல் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும். ஆகவே, மயக்கத்துக்கா பயத்தைக் குறைப்பதற்கா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (ஒத்தக்கடை, இளைஞர்): ரோபோ கிளீனர் வாங்கியிருக்கிறோம். நாங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது அதுவே பெருக்கிவிடுகிறது. நாய் இப்போது பால்கனியை விட்டு உள்ளே வர மறுக்கிறது.

பதில்: அந்த நேர அமைப்பை உடனே நிறுத்துங்கள் தம்பி. தனியாக இருக்கும் நாய்க்கு ஓடவும் இடமில்லை, ஓடிவந்து ஒட்டிக்கொள்ள ஆளும் இல்லை. மாணவருக்குச் சொன்ன முறையைத் தொடங்குங்கள். அதுவரை மொசைக் தரைக்கும் டைல்ஸுக்கும் விளக்குமாறே தாராளம்.

கேள்வி (வாடிப்பட்டி, வாசகர்): எல்லாரும் பயத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். எங்கள் இரண்டு மாத ராஜபாளையம் குட்டி, பக்கத்தில் மெஷின் ஓடினாலும் கண் திறக்காமல் தூங்குகிறது. பால்போல வெள்ளை. வீரன் என்று பெயரே வைத்துவிட்டோம்.

பதில்: நல்ல பெயர். ஆனாலும் காதை ஒரு முறை சோதித்துவிடுங்கள். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்கு உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடுகிறது. குட்டி தூங்கும்போது பின்பக்கமாக, தரை அதிராமலும் காற்று படாமலும் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். வெவ்வேறு நாட்களில் செய்து பாருங்கள். காது அசைகிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டிகளும் உண்டு. அவை எப்போதும் ஒரே பக்கமே திரும்பும். கேட்கவில்லை என்று உறுதியானால் கையசைவில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கலாம், நன்றாகவே கற்றுக்கொள்ளும். வெளியே கயிறு இல்லாமல் விடாதீர்கள். எழுப்பும்போது திடீரென்று தொடாமல், முதலில் பக்கத்துத் தரையைத் தட்டுங்கள்.