பந்து போடுறவரையும் பாருங்க: ஹோம் ரன் டெர்பி கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல நிறைய அமெரிக்க பேஸ்பாலோட ஹோம் ரன் டெர்பி, அதாவது யாரு அதிகமா ஹோம் ரன் அடிக்கிறாங்கன்னு பார்க்கிற போட்டி பத்தி தான், அதனால எல்லாத்தையும் சேர்த்து ஒரே இடத்துல பேசிடலாம்.

கேள்வி: முதல் தடவையா டிவில டெர்பி பார்த்தேன். பந்து வெளிய போனா கணக்குன்னு நினைச்சேன், ஆனா கேலரிக்குப் போன சில பந்தை எண்ணவே இல்லையே?

கிரிக்கெட்ல சிக்ஸர் எந்தப் பக்கம் போனாலும் சிக்ஸர் தான், பேஸ்பால்ல அப்படி கிடையாது. பேட்டர் நிக்கிற இடத்துல இருந்து ரெண்டு பக்கமும் ஃபவுல் லைன் ஓடுது பாருங்க, அந்த ரெண்டுக்கும் நடுவுல போய் எதிர்ல இருக்குற வேலியைத் தாண்டினா தான் ஹோம் ரன், பக்கவாட்டுல எவ்வளவு தூரம் பறந்தாலும் அது ஃபவுல். மத்தபடி விஷயம் சிம்பிள் தான். ஜூலைல ரெண்டு லீக்கோட டாப் ஆட்டக்காரங்க மோதுற ஆல் ஸ்டார் மேட்சுக்கு முந்தின நாள் நடக்கும், 8 பேர் ஆடுவாங்க. 2025ல முதல் சுத்துக்கு 3 நிமிஷம் இல்லன்னா 40 பந்து, எது முதல்ல முடியுதோ அதோட சரி, அப்புறம் கொஞ்சம் போனஸ் நேரம் உண்டு. அதிகமா அடிச்ச 4 பேர் மேல போவாங்க, அங்கிருந்து நாக் அவுட்.

முதல் சுத்துல டை ஆனா யாரு ரொம்ப தூரம் அடிச்சாங்கன்னு பார்ப்பாங்க. 2025ல கேல் ராலியும் பிரெண்ட் ரூக்கரும் ஆளுக்கு 17 அடிச்சு நின்னாங்க, அளந்து பார்த்தா ராலி 470.62 அடி, ரூக்கர் 470.54 அடி. ஒரு இஞ்ச் கூட இல்லாத வித்தியாசத்துல உள்ள போன ராலி தான் கடைசில கோப்பையைத் தூக்கினார், டெர்பி ஜெயிச்ச முதல் கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) அவர்.

கேள்வி: மெதுவா, அடிக்க வசதியா தானே பந்து போட்டுக் குடுக்குறாங்க. இதுல என்ன திறமை இருக்கு?

இந்தக் கேள்வியை எதிர்பார்த்துட்டே இருந்தேன். மேட்ச்ல பிட்ச்சரோட வேலை பேட்டரை ஏமாத்துறது, டெர்பில பந்து போடுறவரோட வேலை அதுக்கு நேர் எதிர், பேட்டருக்குப் பிடிச்ச அதே இடத்துல, அதே உயரத்துல, அதே வேகத்துல, கடிகாரம் ஓடிக்கிட்டு இருக்கும்போது, மொத்த ஸ்டேடியமும் கத்திக்கிட்டு இருக்கும்போது, திரும்பத் திரும்ப கொண்டு வந்து வைக்கணும். நாலு விரல் தள்ளிப் போனா பேட்டரோட தாளமே கெட்டுடும். அதான் யாரு பந்து போடணும்னு பேட்டரே முடிவு பண்றார். சிலர் டீம் கோச்சைக் கூப்பிடுவாங்க, சிலர் சின்ன வயசுல இருந்து பந்து போட்டுப் பழக்கின அப்பாவையே கூப்பிடுவாங்க.

2011ல ராபின்சன் கனோ ஜெயிச்சப்போ போட்டது அவங்கப்பா ஹோசே கனோ. 2018ல வாஷிங்டன்ல பிரைஸ் ஹார்ப்பர் சொந்த டீம் ரசிகர்கள் முன்னாடி கைல் ஷ்வார்பரை 19-18ன்னு ஜெயிச்சார், போட்டது அவங்கப்பா. மேல சொன்ன ராலிக்கு போட்டது அவங்கப்பா டாட் ராலி, காலேஜ் டீம்களுக்கு கோச்சா இருந்தவர், பின்னாடி கேட்சரா உக்காந்தது 15 வயசு தம்பி! அந்த ராத்திரி அட்லாண்டால ஒரு வீடே சேர்ந்து ஆடின மாதிரி இருந்துச்சு, எனக்கு டெர்பில ரொம்பப் பிடிச்ச காட்சி அது தான்.

இன்னொண்ணு, மெதுவா வர்ற பந்து தூரமா போறது சுலபம்னு நினைக்காதீங்க. வேகமா வர்ற பந்துல பேட்டருக்கு அந்த வேகமும் கொஞ்சம் உதவும், இங்க கிட்டத்தட்ட முழு பலத்தையும் அவரே குடுக்கணும், அதுவும் மூச்சு வாங்கிக்கிட்டே. ரெண்டாவது நிமிஷத்துக்கு மேல அவங்க தோள் எப்படி இறங்குதுன்னு அடுத்த தடவை கவனிங்க.

கேள்வி: 2008ல ஜாஷ் ஹாமில்டன் ஒரே சுத்துல 28 அடிச்சும் தோத்துட்டாரே, இது நியாயமா?

பழைய யாங்கீ ஸ்டேடியம், அதோட கடைசி சீசன், ஹாமில்டனுக்கு பந்து போட்டது சின்ன வயசுல அவருக்கு போட்டுக் குடுத்த 71 வயசு கிளே கவுன்சில். முதல் சுத்துல 28, அப்போ அது சாதனை. ஆனா ஃபைனல்ல ஜஸ்டின் மோர்னோ 5, ஹாமில்டன் 3. மனசு வலிக்கத்தான் செய்யுது, எனக்கும் வலிச்சது, ஆனா ஃபைனல்ல கணக்கு சைபர்ல இருந்து ஆரம்பிக்கும்னு முன்னாடியே சொல்லிட்டு தான் ஆடுறாங்க, அதனால அநியாயம்னு சொல்ல மாட்டேன்.

மொத்தக் கணக்கை வெச்சு அளக்கிறதும் சரியா வராது. 2019ல கிளீவ்லண்டுல விளாடிமிர் குரேரோ ஜூனியர் மொத்தம் 91 அடிச்சார், அதுல ஜாக் பீடர்சன் கூட ஆடின ஒரு சுத்து மட்டும் 40-39, ஜெயிச்சது 57 அடிச்ச பீட் அலோன்சோ. கேட்டா அநியாயம் மாதிரி தெரியும், ஆனா அலோன்சோ 14-13, 20-19, 23-22ன்னு ஜெயிச்சார். ரெண்டாவதா ஆடுறவர் எதிராளியைத் தாண்டின உடனே நிறுத்திடலாம்ல, அதனால அவரால எவ்வளவு முடியும்னு அந்த 57 சொல்லாது. குரேரோ 2023ல சியாட்டில்ல ஜெயிச்சிட்டார், அவங்கப்பா 2007ல ஜெயிச்சவர், அப்பாவும் மகனும் ஜெயிச்சது அது தான் முதல் தடவை.

கேள்வி: டெர்பில ஆடினா அப்புறம் ஃபார்ம் போயிடும்னு சொல்றாங்களே?

நான் நம்பல. 2005ல பாபி அப்ரூ மொத்தம் 41 அடிச்சு ஜெயிச்சார், அதுவரைக்கும் அந்த சீசன்ல 18 ஹோம் ரன் அடிச்சவர் மிச்ச சீசன்ல வெறும் 6 தான் அடிச்சார், இந்தப் பேச்சு பரவினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா யோசிங்க, டெர்பிக்கு யாரைக் கூப்பிடுறாங்க? முதல் பாதில வெளுத்து வாங்கினவங்களைத் தான். அந்த வேகத்துல வருஷம் முழுக்க யாரும் அடிக்க முடியாது, டெர்பில ஆடாம இருந்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அலோன்சோ 2019ல டெர்பி ஜெயிச்சிட்டு சீசனை 53ல முடிச்சார், அறிமுக வருஷத்துல யாரும் அத்தனை அடிச்சதில்ல. ராலி 2025ல 60 அடிச்சார்.

கேள்வி: டைமர் வந்ததுல இருந்து ஒரே பரபரப்பு, எந்தப் பந்து எங்க விழுந்துச்சுன்னே தெரியல. பழைய முறையே தேவலையா?

பழைய முறைல 10 அவுட் வரைக்கும் ஆடலாம், ஹோம் ரன் ஆகாத ஒவ்வொரு அடியும் ஒரு அவுட், பேட்டர் பிடிக்காத பந்தை விட்டுட்டே நிப்பார், நேரம் இழுத்துட்டே போகும். 2015ல டைமர் வந்ததும் உயிர் வந்துச்சு, அதை மறுக்கவே முடியாது. ஆனா அப்புறம் முதல் பந்து வானத்துல இருக்கும்போதே அடுத்ததைப் போட ஆரம்பிச்சாங்க, டிவி ரெண்டா பிரிச்சுக் காட்டியும் கண்ணு எதைத் துரத்தும் சொல்லுங்க. ஹோம் ரன்னோட அழகே அது மேல போய் இறங்குற வரைக்கும் பார்க்கிறதுல இருக்கு. 2024ல பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வெச்சாங்க, அடிச்சுத் தள்ளிட்டே இருந்தா லாபமில்லன்னு ஆனதும் வேகம் கொஞ்சம் தணிஞ்சது. என் ஓட்டு இதுக்குத் தான், இன்னும் கொஞ்சம் குறைச்சா கூட சந்தோஷம்.

கேள்வி: மைதானத்துல ஓடி ஓடி பந்து பிடிக்கிற பசங்க யாரு?

வேலியைத் தாண்டாத பந்துகளைப் பிடிக்க நிறுத்துற சின்னப் பசங்க. ஒரு பையன் தாவி ஒரு கேட்ச் பிடிச்சா ஹோம் ரன்னுக்குச் சமமா கைதட்டல் விழும்.

கேள்வி: 2025 ஆல் ஸ்டார் மேட்சையே ஹோம் ரன் அடிச்சு முடிவு பண்ணாங்களாமே, அது சரியா?

ஆமா, 9 இன்னிங்ஸ் முடிஞ்சு 6-6, உடனே ஸ்விங் ஆஃப், ரெண்டு பக்கமும் 3 பேர், ஆளுக்கு 3 ஸ்விங். ஷ்வார்பர் மூணு ஸ்விங்லயும் ஹோம் ரன் அடிக்க நேஷனல் லீக் 4-3ன்னு ஜெயிச்சது. லீக் மேட்ச்ல இதைக் கொண்டு வந்தா நானே எதிர்ப்பேன், அங்க மொத்த டீமும் ஆடித் தான் முடிவு வரணும். ஆனா ஆல் ஸ்டார்ல புள்ளிப் பட்டியல் எதுவும் மாறாது, எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் போட்டு பிட்ச்சர்களோட கையைத் தேய்க்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். அன்னிக்கு ஷ்வார்பருக்கு பந்து போட்டது டாட்ஜர்ஸ் கோச் டீனோ ஈபெல். 2007ல பெரிய குரேரோ டெர்பி ஜெயிச்சப்போ போட்டதும் அவர் தான், 2024ல தியாஸ்கர் ஹெர்னாண்டஸ் ஜெயிச்சப்போ போட்டதும் அவர் தான். திறமை எங்க இருக்குன்னு கேட்ட வாசகர் அந்த மூணு வீடியோவையும் பேட்டரை விட்டுட்டு ஈபெலை மட்டும் பார்த்துட்டு வாங்க, மேற்கொண்டு பேசலாம்.