ஒலிவியா ரோட்ரிகோ: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு வருடமாக அமெரிக்கப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோவின் பாடல்களைத்தான் கேட்கிறாள். அவரைப் பார்த்துத் தானும் நோட்டில் பாட்டெழுதுகிறாள். டிஸ்னி தொலைக்காட்சி வளர்த்துவிட்ட நடிகை அவர், காதல் தோல்வியைத் தவிர அவரிடம் பாடுபொருள் இல்லை, பிறருடைய மெட்டைத் தழுவியவர் என்றும் சொல்கிறார்கள். அவரை ஒரு பாடலாசிரியராகக் கொள்ள முடியுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கொள்ள முடியும் என்பதே என் உறுதியான எண்ணம்.

2003இல் கலிபோர்னியாவில் பிறந்த ஒலிவியா, 2016இல் டிஸ்னியின் ‘பிசார்ட்வார்க்’ தொடரில் நடிக்க வந்தார். அந்தப் பாத்திரத்துக்காகவே கிட்டார் கற்றுக்கொண்டார். 2019இல் ‘ஹைஸ்கூல் மியூசிக்கல்’ தொடரில் தன் பாத்திரம் பாடும் ‘ஆல் ஐ வான்ட்’ என்ற பாடலைத் தானே எழுதினார். பிறர் எழுதிய வசனத்தைப் பேசுவதற்காக அழைக்கப்பட்ட இடத்தில் அவர் தன் சொற்களையும் கொண்டுபோய் வைத்தார் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். அவருக்கு முன்னால் டிஸ்னியிலிருந்து வந்த பாடகிகள் பலர் அந்நிறுவனத்தின் இசைப்பிரிவிலேயே பாடத் தொடங்கியிருக்க, இவர் வெளியே வந்து கெஃபன் என்ற இசை நிறுவனத்தில் சேர்ந்தார். தன் பாடல்களின் மூலப்பதிவுகளுக்கான உரிமை தன்னிடமே இருக்கவேண்டும் என்பதையும் பேசி முடிவு செய்துகொண்டார்.

2021 ஜனவரியில் வெளிவந்த ‘டிரைவர்ஸ் லைசென்ஸ்’ பாடலை உங்கள் மகளோடு உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள். கார் எழுப்பும் எச்சரிக்கை மணியோசையில் தொடங்கி, அந்த ஒலியே பியானோவின் சுரமாக மாறுகிறது. காரில்லாமல் தோழி வீட்டுக்குக்கூடப் போகமுடியாத அமெரிக்கப் புறநகரில் லைசென்ஸ் என்பது பதினாறு வயதுக்காரர்களுக்குப் பெரியவர்களின் உலகத்துக்குள் நுழையும் அனுமதி. பாடலில் வரும் பெண் தன் காதலன் வீட்டுக்கு ஓட்டிப்போவதற்காகவே இருவரும் பேசிப்பேசிக் காத்திருந்த அந்த லைசென்ஸ் கைக்கு வந்தபோது அவன் இல்லை. அவள் தனியாக அதே தெருக்களில் ஓட்டுகிறாள். பாடலின் இடைப்பகுதியில் சிவப்பு விளக்குகளையும் வெள்ளைக் கார்களையும் வீட்டு முற்றங்களையும் அவள் அடுக்கிக்கொண்டே போகும்போது, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் துக்கம் பெருகுகிறது. அந்த ஆண் யார் என்று அன்று பலரும் துப்புத் துலக்கினார்கள். தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டாத அகப்பாடல் மரபில் வந்த நமக்கு அந்த விவரம் தேவையே இல்லை. பாடல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் வரிசைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு ஒலிவியாவுக்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன.

தழுவல் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அவருடைய ‘குட் 4 யூ’ பாடல், பாராமோர் என்ற ராக் குழுவின் பழைய பாடல் ஒன்றைப் போலிருப்பதாகப் பேச்சு எழுந்தது. பாடல் வெளிவந்து சில மாதங்களுக்குப் பிறகே, அந்தப் பழைய பாடலை எழுதிய ஹேலி வில்லியம்ஸ், ஜோஷ் ஃபாரோ இருவரின் பெயர்களும் ஆக்கியோர் வரிசையில் சேர்க்கப்பட்டன. முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் தான் கேட்டு வளர்ந்த இசையின் சாயல் பதினெட்டு வயதில் ஒருவரிடம் தெரிவது இயல்பு. அதற்காக அவர் எழுதிய சொற்கள் அவருடையவை அல்ல என்று ஆகிவிடாது.

பாடுபொருளைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. ‘சவர்’ ஆல்பத்தின் முதல் பாடலே, இளமையை அனுபவி என்று ஓயாமல் சொல்லும் பெரியவர்கள்மீது எரிந்து விழுகிறது; கடைசிப் பாடலோ, குடும்பத்தாரால் காயப்பட்ட பழைய நண்பர்களின் நலத்தைக் கேட்கிறது. 2023இல் வந்த ‘கட்ஸ்’ ஆல்பத்தில் கண்ணாடி முன்னால் என்ன செய்தும் தன் அழகு போதவில்லை என்று தவிக்கும் பெண் இருக்கிறாள். தன் சிறந்த நாட்கள் முடிந்துவிட்டனவோ என்று இருபது வயதை எட்டும் முன்பே அஞ்சுபவளும் இருக்கிறாள். இதே தவிப்பும் அச்சமும் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

மகளின் நோட்டை அவளைக் கேட்காமல் எடுத்துப் படிக்கவேண்டாம். அவளாகப் பாடிக்காட்டும் நாளில், அவள் பள்ளிக்குப் போகும் பேருந்தும் உங்கள் தெருவும் அந்தப் பாட்டில் வருகின்றனவா என்று கேளுங்கள்.