முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆஸ்துமா வருமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. கைக்குழந்தையிலிருந்தே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். ஒரு வயதில் அவித்த முட்டை ஊட்டியதும் முகமெல்லாம் தடித்துவிட்டது. முட்டை ஒவ்வாமை என்று பரிசோதனையில் தெரிந்தது. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பின்னாளில் ஆஸ்துமா வரும் என்கிறார்கள். பால், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்கிறார் மாமியார். நிறுத்தலாமா டாக்டர்?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. பாலும் மீனும் இதுவரை அவனுக்கு ஒத்துக்கொண்டிருந்தால் அப்படியே கொடுங்கள். அவற்றை நிறுத்துவதால் ஆஸ்துமாவைத் தடுக்க முடியாது, வளர்ச்சிதான் குன்றும். கரப்பான் உள்ள பிள்ளைகள் ஒத்துக்கொண்ட உணவை நெடுநாள் விட்டுவிட்டால், திரும்பச் சாப்பிடும்போது அதற்கே புதிதாக ஒவ்வாமை வருவதும் உண்டு. மாமியாரின் அக்கறை புரிகிறது. விலக்க வேண்டியது முட்டை ஒன்றைத்தான். நிலக்கடலையை அவன் இன்னும் சாப்பிட்டதே இல்லை என்றால் மட்டும், மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். ஆனால் முட்டை நுரையீரலைக் கெடுப்பதில்லை. வறண்டு வெடித்த தோல் வழியாக உணவுத் துகளும் தூசும் உள்ளே போக, உடல் அவற்றைப் பகையென்று பதிந்துகொள்கிறது. அந்தச் சுபாவம் முதலில் தோலில் தெரியும், அடுத்து உணவில், பிறகு சிலருக்கு மூக்கிலும் மூச்சிலும். பல பிள்ளைகளுக்கு அது பாதியிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே கரப்பானை அலட்சியப்படுத்தாதீர்கள். குளித்த ஈரம் காயுமுன் ஈரப்பத கிரீமைத் தாராளமாகத் தடவுங்கள். மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். நம் பினாங்கின் புழுக்கத்தில் மெத்தையிலும் துணிப் பொம்மையிலும் தூசிப்பூச்சி செழித்து வளரும். இங்கே ஆஸ்துமாவைக் கிளப்புவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வீட்டுக்குள் சிகரெட், கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். புகைமூட்ட நாட்களில் வெளியே ஓடியாட விடாதீர்கள்.

சளி பிடிக்கும்போதெல்லாம் நெஞ்சில் வீசிங் வருகிறதா, விடியற்காலையில் இருமுகிறானா, ஓடினால் மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். இந்த வயதில் சாதாரணச் சளியிலும் வீசிங் வரும் என்பதால் ஒரே நாளில் முடிவு சொல்ல முடியாது. மூச்சுத் திணறுவதுபோல் இருந்தால் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழுந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வந்துபோகும் இருமல் என்றால் கைப்பேசியில் வீடியோ படமெடுத்து வாருங்கள். கிளினிக் வந்து சேர்வதற்குள் இருமல் நின்றுவிடும், அந்தப் படம்தான் எங்களுக்கு உதவும்.

முட்டை ஒவ்வாமையோடு ஆஸ்துமாவும் சேர்ந்து, அது கட்டுக்குள் இல்லாவிட்டால், தவறிச் சாப்பிடும் ஒரு வாய்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். ரொட்டியில் தடவும் காயா ஜாமில் முட்டை உண்டு என்பதைப் பாலர் பள்ளி ஆசிரியையிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் ஊசி கைவசம் வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உதடு வீங்கி மூச்சும் திணறினால் இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்காமல், ஊசி இருந்தால் உடனே போட்டுவிட்டு 999-ஐ அழையுங்கள்.

முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். ஆண்டுக்கொரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். போய்விட்டதா என்று வீட்டிலேயே ஊட்டிப் பார்க்காதீர்கள், அதை மருத்துவமனையில் எங்கள் கண்முன் செய்வோம்.