குழந்தையோடு விமானப் பயணம்: மடி டிக்கெட், தனி இருக்கை, கார் சீட்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம் நிறைந்துவிட்டது, எடை 11 கிலோ. கணவர் நியூ ஜெர்சியில் வேலை செய்கிறார். அடுத்த மாதம் நானும் குழந்தையும் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி அங்கே செல்கிறோம். ஆறு மாதம் கழித்துத் திரும்புவோம். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தை டிக்கெட்டே போதும், தனி இருக்கை வீண் செலவு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அங்கே காரில் ஏற கார் சீட் கட்டாயம் என்பதால் இங்கேயே ஒன்று வாங்கிக்கொண்டு போகலாமா? அதை விமானத்துக்குள்ளும் பயன்படுத்த முடியுமா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: சகோதரி, முதலில் டிக்கெட்டைப் பார்ப்போம். மடி டிக்கெட் என்பது இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மட்டுமே. டிக்கெட் எடுத்த நாளில் என்ன வயது என்பது கணக்கில்லை. பயணம் செய்யும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. நீங்கள் திரும்பும்போது மகனுக்கு இரண்டு வயது கடந்திருக்கும் என்பதால், திரும்பி வரும் பயணத்துக்கு அவனுக்குத் தனி இருக்கை எடுத்தே ஆக வேண்டும். இதைக் கவனிக்காமல் போக வர மடி டிக்கெட் எடுத்துவிட்டால், திரும்பும் நாளில் கவுன்டரில் நின்றபடி, அன்றைய விலைக்கு ஓர் இருக்கை வாங்க வேண்டிவரும்.

ஆகவே உங்கள் முன் இருக்கும் உண்மையான கேள்வி, போகும் பயணத்துக்கு என்ன செய்வது என்பதுதான். விதி மடியை அனுமதிக்கிறது. ஆனால் என் கருத்தைக் கேட்டால், வேறு எந்தச் செலவைக் குறைத்தாவது தனி இருக்கை எடுங்கள் என்றே சொல்வேன். லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்.க்யூ. 321 விமானம் 2024 மே 21 அன்று மியான்மர் வான்வெளியில் கடும் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியபோது, 4.6 நொடிகளுக்குள் 178 அடி இறங்கியது என்று சிங்கப்பூர் விசாரணைத் துறை பின்னர் பதிவு செய்தது. பெல்ட் போடாதவர்கள் இருக்கையிலிருந்து மேலே எறியப்பட்டு, பிறகு கீழே விழுந்தார்கள். விமானம் அந்த வேகத்தில் கீழிறங்கும்போது, அதோடு கட்டப்படாத எதுவும் கூரையை நோக்கித்தான் போகும். தூங்கும் குழந்தையை அணைத்திருக்கும் தாயின் கைகளுக்கு அந்த நொடியில் இறுக்கிப் பிடிக்கவே நேரமிருக்காது. அன்பு குறைவதால் அல்ல, உடலின் எல்லை அது.

மடியில் வைப்பவர்களுக்குச் சில நிறுவனங்கள் தாயின் பெல்ட்டோடு கோக்கும் சிறிய வளையப் பெல்ட் ஒன்று தருவார்கள். கொந்தளிப்பில் குழந்தை பறந்து போகாமல் அது தடுக்கும் என்பது உண்மை. ஆனால் விமானம் திடீரென்று வேகம் குறைந்து நிற்கும்போது தாயின் உடல் முன்னால் மடங்கி, முழு எடையும் குழந்தையின் மேல் விழும். இந்த ஆபத்தின் காரணமாகவே அமெரிக்காவில் விமானப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் எஃப்.ஏ.ஏ. அமைப்பு, விமானம் ஓடுபாதையில் நகரும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் இந்தப் பெல்ட்டை அனுமதிப்பதில்லை. தொட்டிலும் உங்களுக்கு உதவாது. உங்கள் மகனின் எடை பெரும்பாலான விமானத் தொட்டில்களின் வரம்பை எட்டியோ கடந்தோ இருக்கும்.

இனி கார் சீட். நீங்கள் செல்லும் இடம் அமெரிக்கா என்பதால் இங்கே வாங்காதீர்கள். இங்கே விற்கும் பல கார் சீட்டுகளின் பின்புறம் ஆரஞ்சு நிற லேபிளில் வட்டத்துக்குள் ஓர் 'ஈ' எழுத்தும் எண்ணும் இருக்கும். அது ஐரோப்பியத் தரத்தின் முத்திரை. அமெரிக்கச் சாலைகளுக்கு எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 213 என்ற வேறு தரம் உண்டு. அந்தச் சான்று இல்லாத சீட், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அங்கே சட்டப்படி செல்லாது. எனவே உங்கள் கணவர் அங்கேயே ஒன்று வாங்கி, உங்களை அழைக்க வருவதற்கு முன்பே காரில் பொருத்தி வைக்கட்டும். வாங்கும்போது, மோட்டார் வாகனங்களிலும் விமானங்களிலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்ற வாசகம் ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்துகளில் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால் திரும்பும் பயணத்தில் அதே சீட்டை மகனின் விமான இருக்கையில் வைத்துக்கொள்ளலாம். அகலம் 16 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலான விமான இருக்கைகளில் அடங்கும்.

போகும் பயணத்துக்கு, கேர்ஸ் என்ற தோள்பட்டை வார் ஒன்று இருக்கிறது. விமான இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டி, இரண்டு தோள்களுக்கும் வார் வருமாறு செய்து, கீழே விமானத்தின் பெல்ட்டோடு இணைக்க வேண்டும். எடை அரைக் கிலோ அளவுதான், கைப்பையில் அடங்கிவிடும். 10 முதல் 20 கிலோ எடையும் ஒரு மீட்டருக்கு மேற்படாத உயரமும் உள்ள, தனி இருக்கையில் நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்கு எஃப்.ஏ.ஏ. இதை ஏற்றிருக்கிறது. உங்கள் மகனின் 11 கிலோ இதற்குப் பொருந்துகிறது. ஆனால் இது விமானத்துக்கு மட்டுமே. காரில் பயன்படுத்தவே கூடாது. வாரானாலும் கார் சீட்டானாலும், இரண்டு விமானங்களிலும் அனுமதிப்பார்களா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக் கையில் வைத்திருங்கள். வாசலில் நிற்கும் ஊழியருக்கு விதி தெரியாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. அந்த நேரத்தில் வாய்ப் பேச்சைவிட எழுத்து உதவும்.

திரும்பும்போது சீட்டைப் பொருத்தும் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலர் தடுமாறுவது இங்கேதான். சன்னலோர இருக்கையைக் கேளுங்கள். நெருக்கடியில் மற்றவர்கள் வெளியேறும் வழியைச் சீட் மறிக்கக் கூடாது என்பதால் பொதுவாக அங்கேதான் வைக்கச் சொல்வார்கள். அவசர வழி வரிசையிலும் அதற்கு நேர் முன்னும் பின்னும் உள்ள வரிசைகளிலும் இடம் கிடையாது. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசை வசதியாகத் தோன்றும். ஆனால் அங்கே உணவுப் பலகை கைப்பிடிக்குள் மடக்கி வைக்கப்பட்டிருப்பதால் கைப்பிடி மேலே எழாது, இருக்கையும் குறுகலாக இருக்கும். கார் சீட்டை மாட்டக் காரில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் விமானத்தில் இல்லை; இடுப்புப் பெல்ட் ஒன்றுதான். நடுக் கைப்பிடியைத் தூக்கிவிட்டு, விமான இருக்கையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, சீட்டில் குறித்திருக்கும் வழியே பெல்ட்டை நுழைத்து, முழங்கையால் சீட்டை அழுத்தியபடி பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். பிறகு இருக்கையை நிமிர்த்தினால் பெல்ட் இன்னும் இறுகும். முன்னோக்கி வைக்கும் சீட்டில் சில நேரம் பெல்ட்டின் உலோகப் பூட்டு குழந்தையின் முதுகுக்கு நேரே வந்து உறுத்தும். அப்போது பணியாளரிடம் நீட்டிப்புப் பெல்ட் கேட்டு வாங்கி, பூட்டைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். பூட்டின் மூடி, இறங்கும்போது உங்கள் விரல் எட்டும் பக்கம் பார்த்திருக்கிறதா என்பதையும் இறுக்குவதற்கு முன்பே பாருங்கள்.

நியூ ஜெர்சியில் இறங்கியதும் காரில் மகன் பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். இரண்டு வயதுக்கும் 30 பவுண்டுக்கும், அதாவது ஏறக்குறைய 13.6 கிலோவுக்கும், குறைந்த குழந்தைக்கு அந்த மாநிலச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தோள் வாரை இரு விரலால் கிள்ளினால் மடிப்பு வரக் கூடாது. குளிர்காலமானால் பஞ்சு அடைத்த தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு வாரைப் போட்டு, கோட்டை மேலே போர்த்துங்கள். கோட்டின் மேல் கட்டினால், மோதும் நேரத்தில் பஞ்சு அமுங்கி வார் தொளதொளவென்று ஆகிவிடும். அங்கே பல ஊர்களில் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் போன்ற இடங்களில் பயிற்சி பெற்றவர்கள் சீட் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துத் தருவார்கள். உங்கள் கணவர் ஒருமுறை காட்டிவிடட்டும்.

கேள்வி: நான்கு பிள்ளைகளை மடியில் வைத்து வளர்த்தவன் நான். பேத்தியோடு விமானத்தில் செல்லப்போகிறோம். தாத்தாவின் பிடியைவிடப் பிளாஸ்டிக் இருக்கை பாதுகாப்பு என்பதை மனம் ஏற்கவில்லை. அப்படி ஆபத்தானது என்றால் அமெரிக்காவே ஏன் மடியில் வைக்க அனுமதிக்கிறது?
– ஒரு வாசகர், இராயபுரம்

பதில்: ஐயா, தங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி மிகவும் முக்கியமானது. 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானம், வால் பகுதி இன்ஜின் வெடித்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் செயலிழந்த நிலையில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள சூ சிட்டி விமான நிலையத்தில் மோதி இறங்கியது. அதில் இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். மடிக் குழந்தைகள் நால்வர் இருந்தனர். அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் துணியில் சுற்றிக் காலடியில் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் சொல்லப்பட்டது. நால்வரில் இரண்டு வயதுகூட நிறையாத ஓர் ஆண் குழந்தை பிழைக்கவில்லை. அந்த அறிவிப்பைச் செய்த தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், வெளியே வந்ததும் அந்தக் குழந்தையின் தாயை நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது. அதன் பிறகு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று பல ஆண்டுகள் அவர் வாதாடினார். விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. வாரியமும் அதையே வலியுறுத்தியது.

எஃப்.ஏ.ஏ. அமைப்பு 2005-இல் அதைக் கட்டாயமாக்குவதில்லை என்று முடிவு செய்தது. அதற்கு அது சொன்ன காரணம், மடி பாதுகாப்பானது என்பதல்ல. கூடுதல் டிக்கெட் கட்டாயமானால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் நெடுந்தூரம் செல்லும், சாலையில் அதைவிட அதிகம் பேர் இறப்பார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. அதே அமைப்புதான் இன்றும், குழந்தைக்கு மிகப் பாதுகாப்பான இடம் அங்கீகரிக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு இருக்கையே தவிர மடி அல்ல என்று பெற்றோருக்குச் சொல்கிறது. அனுமதி வேறு, பரிந்துரை வேறு.

அந்தக் கணக்கின் பின்பாதி நம் ஊருக்கும் பொருந்தும். விமானத்தைவிட, விமான நிலையத்துக்குப் போகும் வழிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, வாடகைக் காரின் பின் இருக்கையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு போவதை தயவுசெய்து தவிருங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துச் செல்வது 1,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றம். நடைமுறையில் பல வாடகைக் கார்களில் பின் இருக்கைப் பெல்ட்டின் பூட்டு, மேலே போட்ட உறைக்கு அடியில் புதைந்திருக்கும். கார் சீட் இருந்தாலும் அதைக் கட்ட வழியிருக்காது. முன்பதிவு செய்யும்போதே ஓட்டுநரிடம் பேசி, உறையை விலக்கிப் பூட்டை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பகல் விமானமானால் இன்னும் எளிய வழி இருக்கிறது: 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவின் நீலப் பாதை, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை நிலையங்கள் வழியாக, இடையில் மாறாமல் விமான நிலையத்துக்கே செல்கிறது. நள்ளிரவு விமானங்களுக்குத்தான் கார் தேவைப்படும்.

தங்கள் மடிக்கும் விமானத்தில் வேலை இருக்கிறது, ஐயா. விமானம் சீராகப் பறந்து, பெல்ட் விளக்கு அணைந்திருக்கும்போது பேத்தியை எடுத்துக் கொஞ்சுங்கள், கதை சொல்லுங்கள். கீழிறங்கத் தொடங்கும்போது மட்டும் மறுபடி அவள் இருக்கையில் கட்டிவிட்டு, பாலோ தண்ணீரோ சிறிது சிறிதாகக் கொடுங்கள்; விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும்.

கேள்வி: மூன்று வயது மகளுடன் ஒரு வாரம் சிங்கப்பூர் செல்கிறோம். கார் சீட் தூக்கிச் செல்ல வேண்டுமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அங்கே 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்கள் காரில் தக்க பாதுகாப்பு இருக்கையில்தான் செல்ல வேண்டும். டாக்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. செயலி மூலம் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு அந்த விலக்கு இல்லை. மெட்ரோவிலும் பேருந்திலும் சுற்றுவதாக இருந்தால் சுமக்கத் தேவையில்லை. உறவினர் காரில் செல்வீர்கள் என்றால், அவர்களிடம் சீட் இருக்கிறதா, அது விபத்தில் சிக்காததா, காலாவதி ஆகாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும், முதுகுச் சாய்வில்லாத பூஸ்டர் இருக்கையை மட்டும் விமானத்தில் பயன்படுத்த நினைக்காதீர்கள். அதற்குத் தோள் பெல்ட் வேண்டும், விமானத்தின் சாதாரண வகுப்பில் இருப்பதோ இடுப்புப் பெல்ட் மட்டுமே.

கேள்வி: கார் சீட்டைப் பெட்டிகளோடு சரக்கில் போட்டோம். சென்னையில் பெல்ட்டில் வந்தபோது ஒரு பக்கம் கீறலும், அடிப்பாகத்தில் விரிசலும் இருந்தன. ஊழியர், "வீட்டுக்குப் போய் மெயில் போடுங்கள்" என்றார். நள்ளிரவு, குழந்தை அழுகிறது, வந்துவிட்டோம். இப்போது என்ன செய்வது? சீட்டை ஒட்டிப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஒட்டாதீர்கள். விரிசல் விட்ட சீட் மோதலின் விசையைத் தாங்காது. வெளியே தெரியும் விரிசலைவிட, துணிக்கு அடியில் உள்ள நுரைப் பகுதி உடைந்திருப்பது மோசமானது, அதைக் கண்ணால் கண்டுபிடிப்பதும் கடினம். வேறு யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம்; நிறுவனத்திடம் கொடுக்கும் புகார் முடிந்ததும் வார்களை அறுத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

அந்த ஊழியர் சொன்னது சரியல்ல. பெட்டிகள் வரும் கூடத்தை விட்டு வெளியேறும் முன் நிறுவனத்தின் பெட்டிகள் கவுன்டரில் பி.ஐ.ஆர். எனப்படும் சேதப் பதிவைப் போட்டு, அதன் எண்ணை வாங்கியிருந்தால் வேலை எளிதாகியிருக்கும். ஆனாலும் வழி அடைபடவில்லை. இந்தியா 2009-இல் ஏற்ற மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதமடைந்தால், அதைப் பெற்ற நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். சரக்கில் போட்டபோது தந்த டேக், போர்டிங் பாஸ், சீட் வாங்கிய ரசீது, விரிசலின் படங்கள், சீட்டின் பின்புற முத்திரைப் படம் ஆகியவற்றை இணைத்து, அதே மாதிரிச் சீட்டின் இன்றைய விலையையும் குறிப்பிடுங்கள். பழுது பார்க்க முடியாத பொருள் இது, மாற்றுத்தான் தீர்வு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அடுத்த முறை அதன் சொந்த அட்டைப் பெட்டியில் வைத்துச் சரக்கில் கொடுங்கள். இல்லையென்றால் விமான வாசல் வரை நீங்களே கொண்டுபோய் அங்கே ஒப்படைக்க அனுமதி கேளுங்கள். கைமாறும் இடங்கள் குறையக் குறைய அடிபடுவதும் குறையும்.