சன்னல் எந்தச் சுவரில் இருந்தது?

அன்புள்ள அக்கா,

எனக்கு 42 வயது. சிங்கப்பூரில் தெம்பனிஸில் வசிக்கிறேன். பத்து ஆண்டுகளாக லெகோ கட்டைகளில் கட்டடங்கள் செய்துவருகிறேன். நான் செய்த காப்பிக் கடையின் படத்தை இணைத்திருக்கிறேன். இந்த ஆண்டு கோபே நகரில் நடந்த ஜப்பான் பிரிக்ஃபெஸ்ட் என்ற லெகோ கண்காட்சிக்குப் போயிருந்தேன். பெரியவர்கள் மேசை மேசையாகத் தாங்கள் கட்டியதைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அடுத்த முறை நானும் மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டலைக் கட்டி வைக்கலாமா என்று ஆசை. வீட்டிலோ, "இந்த வயதில் பொம்மையா?" என்கிறார்கள். செலவும் ஆயிரக்கணக்கான வெள்ளி. மன அழுத்தத்துக்கு மருந்து, பின்னால் விற்றால் லாபம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் வளர்ந்த தங்ளின் ஹால்ட் வீட்டைக் கட்டலாம் என்றும் ஒருமுறை தோன்றியது. அந்த அடுக்குமாடி புளோக்கே இப்போது இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். அம்மா என்னோடுதான் இருக்கிறார், அவரும் சிரிக்கிறார். வளர்ந்த ஒருவன் இதில் இவ்வளவு நேரம் செலவிடுவது சரியா?

கு.

அன்புள்ள தம்பி,

மருந்து, லாபம் என்ற இரண்டு சமாதானங்களையும் முதலில் கைவிடுங்கள். பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளை மருத்துவச் சான்றிதழ் தேடுவதுபோல் இருக்கிறது. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி விலையேறக் காத்திருப்பவர் வியாபாரி. அவர் பேச்சு உங்களுக்கு எதற்கு? செலவை உங்கள் மனைவியோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வயதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1932இல் டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலெ கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் மரப்பொம்மை செய்ய உட்கார்ந்தபோது அவருக்கு ஏறக்குறைய உங்கள் வயது. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களை ஒட்டித்தான் லெகோ என்று பெயர் வைத்தார். எத்தனை வயது வரை என்று அந்தப் பெயரில் இல்லை.

கோபேக்குக் கட்டாயம் எடுத்துப்போங்கள். ஆனால் மரினா பே சேண்ட்ஸா? அதை லெகோ நிறுவனமே பெட்டியில் போட்டு விற்றாயிற்று. 2022இல் வந்த சிங்கப்பூர்ப் பெட்டியின் 827 துண்டுகளுக்குள்ளும் அது நிற்கிறது. படகு போன்ற அந்தக் கூரையை உலகமே பார்த்திருக்கிறது. உங்கள் தங்ளின் ஹால்ட் சமையலறையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதைப் போய் "யாருக்குத் தெரியப்போகிறது" என்று ஒற்றை வரியில் தள்ளிவிட்டீர்களே! உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அந்த வரியில் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

என் அத்தை ரோச்சோர் சென்டரில் இருந்தார். 1977இல் கட்டிய நான்கு புளோக்குகள், தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரம். மஞ்சள், பச்சை, நீலம் என்று புளோக்குக்கு ஒரு நிறமாக நின்றதால் அதைப் படம் பிடிக்காதவர்களே இல்லை. விரைவுச்சாலைக்காக 2016 முடிவதற்குள் எல்லாரும் வீட்டைக் காலிசெய்தார்கள். 2018இல் இடிக்கத் தொடங்கினார்கள். அத்தைக்குக் காலாங் டிரிவிஸ்டாவில் வீடு கிடைத்தது. நல்ல வீடு, காற்றோட்டமான வீடு. ஆனால் இருட்டியபின் உள்ளே நுழைந்தால் அத்தை இடப்பக்கச் சுவரைத் தடவுவார். பழைய வீட்டில் சுவிட்ச் அங்கேதான் இருந்தது. புது வீட்டில் வலப்பக்கம். அவர் கை சுவரில் மேலும் கீழும் போய், ஒன்றும் தட்டுப்படாமல் ஒரு கணம் அப்படியே நிற்கும். மூன்று மாதம் இதை நான் பார்த்தேன். வெளியே பூசிய நிறத்துக்கு ஆயிரம் படம் இருக்கிறது. அந்தச் சுவிட்சுக்கு ஒரு படமும் இல்லை.

அத்தை போனபிறகு ஒருநாள், பேரன் விட்டுச்சென்ற லெகோ கட்டைகளை எடுத்து அந்தச் சமையலறையைக் கட்ட உட்கார்ந்தேன். நாற்பது ஆண்டுகள் போய்வந்த வீடு, கண்ணை மூடினால் தெரியும் என்றிருந்தேன். அடுப்பை வைத்தேன். அம்மிக்கு ஒரு மூலை விட்டேன். அடுத்தது சன்னல். அடுப்புக்கு எதிரிலா, பக்கத்திலா? கை நின்றுவிட்டது. அந்தச் சமையலறையை வைத்து நான் இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன், தம்பி. எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் சன்னல் வழியே வெயில் விழுகிறது, எந்தச் சுவர் என்று இல்லை. எழுத்தில் அது செல்லும். கட்டையில் செல்லாது. கட்டையின் தலையில் குமிழ்கள் 8 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. சன்னல் இந்தக் குமிழில் தொடங்குகிறதா, அடுத்ததிலா என்று சொல்லியே ஆகவேண்டும். நான் வார்த்தையில் நழுவிப்போன இடத்திலெல்லாம் அது என்னைப் பிடித்து நிறுத்தியது. வளர்ந்தவர்கள் செய்ய இதைவிடக் கடினமான வேலை வேறென்ன இருக்கிறது?

மூன்று தட்டைத் துண்டுகள் சேர்ந்தால் ஒரு கட்டையின் உயரம், ஐந்து சேர்ந்தால் இரண்டு குமிழின் அகலம். இந்தக் கணக்கை வைத்துத்தானே கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி நுணுக்கமெல்லாம் செய்கிறீர்கள்? அந்தத் திறமையை ஒரு ஹோட்டல் கூரைக்கா செலவிடுவது? சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயட்டும். 2021இல் வந்த போன்சாய் மரத்தில் பூக்களாக இருப்பவை இளஞ்சிவப்புத் தவளைகள். தவளையில் பூவைக் கண்டவருக்கு இருந்தது உவமை சொல்பவரின் கண். உங்கள் காப்பிக் கடை விசிறியின் இறக்கைகள் உண்மையில் படகுத் துடுப்புகள் என்று பேரன்தான் எனக்குக் காட்டினான். அந்தக் கண் உங்களுக்கும் இருக்கிறது. துண்டு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களைப் போன்றவர்கள் பலர் சேர்ந்து ஒரே பெட்டியை ஆளுக்கொன்றாக வாங்கி, கொட்டிப் பிரித்து, சீட்டு எடுப்பதுபோல் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டே.

1958இல் செய்த கட்டை இன்றைய கட்டையோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. 1958இல் கட்டிய வீடு நம் ஊரில் எத்தனை மிச்சமிருக்கிறது?

எனக்குக் கேட்க அத்தை இல்லை. உங்களுக்கு அம்மா இருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமையே அடித்தட்டை மேசையில் வைத்து அவரை எதிரே உட்காரவையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறந்தது, அடுப்படியில் நின்றால் யார் வீடு தெரிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் ஞாபகத்தோடு ஒத்துப்போகாது. வாதாடாதீர்கள். அவர் கையில் கட்டையைக் கொடுத்து அவரையே வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் எனக்குப் படம் அனுப்புங்கள். புளோக்கின் முகப்பு வேண்டாம், சமையலறை போதும்.

அன்புடன்,
அக்கா